ஒன்பது பொந்து மரங்கள்

நியூ சவுத் வேல்ஸ் மலைமேல் இருக்கும் எங்கள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் லொரெய்ன் டுகன் பதினேழு வருஷமாகத் தோட்ட வேலை பார்க்கிறாள். துணைவேந்தர் பெயர் கேட்டால் யோசிப்பாள். எந்த யூக்கலிப்டஸில் பொந்து இருக்கிறது, இந்த வருஷம் அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும்வரை பேசுவாள். ஒரு மரத்தில் பெரிய பொந்து விழ நூற்றைம்பது வருஷமாவது வேண்டும். கறுப்புக் காக்கட்டூக் கிளிக்கு அதைவிட்டால் வேறு வீடு கிடையாது.

ஆனால் பொந்துகளைப் பற்றி அவள் ஒரு வரி எழுதியதில்லை. காகிதத்தில் 'பொந்து' என்று வந்துவிட்டால், கிளை முறிந்து எவன் தலையிலாவது விழும் என்று அலுவலகம் பயப்படும்; மறுவாரம் ரம்பம் வந்து நிற்கும். அதனால் பராமரிப்பு நோட்டில் எங்களுக்கு எல்லா மரமும் 'நல்ல மரம்'தான். நான் புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவன். நானும் அப்படித்தான் எழுதுவேன்.

பிப்ரவரியில் டேமியன் ஃபால்சன் வந்து நின்றான். பல்கலைக்கழகத்தின் 'படைப்பைப் பேணுவோம்' திட்டத்துக்குப் பொறுப்பாளன். மரம் நடும் நாளில் முட்டிவரை சேற்றோடு எங்களோடு நிற்பவன். நல்லவன் என்றுதான் நம்பினோம்.

"லொரெய்ன், பொந்து மரத்தையெல்லாம் எழுதிக் குடுங்க. திட்டத்துல சேத்துட்டா அப்புறம் ஒருத்தனும் தொட முடியாது."

"எழுதினா வெட்டிடுவாங்கப்பா. உனக்கு இதெல்லாம் புதுசு."

"கடவுளோட படைப்பைக் காப்போம்னு பிஷப் முன்னாடி கையெழுத்து போட்டிருக்கோம். நம்ப மாட்டீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அட, எழுதிக் குடேன். பிஷப்பையே சந்தேகப்பட்டா பாவசங்கீர்த்தனத்துல என்னன்னு சொல்லுவே?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "சரி கிழவா, உன் பேச்சைக் கேட்டு எழுதறேன். ஏதாவது ஆச்சு, உன் மண்டையிலதான் எல்லாத்துக்கும் கூடு."

ஒன்பது மரங்கள். அவளே ஒவ்வொன்றிலும் எண் தகடு அடித்தாள். ஆறாம் எண், விளையாட்டுத் திடலோரத்து மரம். பட்டியலில் அதற்கு நேராக 'காக்கட்டூ, ஜோடி' என்று கோணல் எழுத்தில் எழுதினாள். திட்டத்தின் ஆண்டறிக்கை வெளிவந்தபோது அட்டையில் அவள் படம். அதை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

ஜூன் விடுமுறையில், மாணவர்கள் இல்லாத வாரம் பார்த்து, மரம் வெட்டுகிறவர்கள் வந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரியின் கையிலிருந்த காகிதத்தை லொரெய்ன் எட்டிப் பார்த்தாள். அவள் எழுதிய பட்டியலின் நகல்தான் அது. எண் தகட்டைப் பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டு வந்தார்கள். தேடும் வேலையைக்கூட அவர்களுக்கு அவள் மிச்சப்படுத்தியிருந்தாள்.

ஆறாம் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "உள்ள குஞ்சு இருக்குய்யா!"

மேஸ்திரி ரம்பத்தை நிறுத்திவிட்டு டேமியனுக்குப் போன் போட்டான். அவன் வந்தான்.

"காப்பீட்டுக்காரங்க பட்டியல் கேட்டாங்க, லொரெய்ன். அனுப்பினேன், அவ்வளவுதான். பொந்துன்னு எழுத்துல இருக்கறப்போ விட்டுவைக்க முடியாதாம்."

"எழுதச் சொன்னது யாரு?"

டேமியன் திடலோரத்துக் காலி இடத்தைக் காட்டினான். "பதிலுக்குத் தொண்ணூறு கன்னு நடறோம். அறிக்கையிலயும் போட்டுடலாம்."

"அந்தக் கன்னுல பொந்து எப்போடா விழும்? நீ செத்து, உன் பேரனும் செத்தப்புறமா?"

காவலாளி வந்து அவளை நயமாகத்தான் விலக்கினான். மத்தியானத்துக்குள் மரம் தரையில் கிடந்தது. குஞ்சைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. தாய்ப்பறவை மூன்று நாள் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. எனக்குக் கோபம். டேமியன் மேல் பாதி, என் மேல் பாதி.

அக்டோபரில், பிராணிகளை ஆசீர்வதிக்கும் புனித பிரான்சிஸ் திருநாள். புல்வெளியில் ஃபாதர் வரிசையாக நாய்களுக்கும் கினிப் பன்றிகளுக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். டேமியன் ஒன்பது பலகைக் கூடுகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தான்.

"லொரெய்ன், காக்கட்டூ இப்போ எந்த மரத்துக்கு வருது? அங்கயே மாட்டிடலாம்."

"தெரியாது." பொய்யே சொல்லி அறியாதவள், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கிளெம், உங்களுக்காவது தெரியுமா?" என்று என் பக்கம் திரும்பினான்.

"தெரியாது," என்றேன்.

அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து என்னை முறைத்தான். நான் சொன்னது பொய்யில்லை. ஜூனுக்குப் பிறகு லொரெய்ன் எனக்கு ஒரு பொந்தைக்கூடக் காட்டியதில்லை.