அக்காளின் வயது

நெல் பத்தாயத்தின் பலகையில் கன்னத்தை வைத்தால் ஜில்லென்று இருக்கும், உமி நெடி மூக்கில் ஏறித் தும்மல் வரும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விக்கிரமசிங்கபுரத்து மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் மணியைத் தெரிந்துகொள்வேன். ஐந்தாம் வகுப்பு முடிந்த சாரல் காலத்தில் என்னை அங்கே உட்கார்த்தினார்கள். மூன்று வருஷம் இருந்தேன்.

எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைக்குப் பதிமூன்று வயதானால் 'ஆளாகிற' வரை தெருவில் இறங்க விடமாட்டார்கள். அப்பா கொழும்பில் கடையில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் பெரியப்பாதான். பள்ளியில் சேர்க்கும்போது டிரங்குப் பெட்டியில் கிடந்த பிறப்புச் சீட்டை அவர்தான் எடுத்துக் கொடுத்திருந்தார்; அதன்படி எனக்குப் பதிமூன்று ஆகிவிட்டது. வாத்தியார் வீடு தேடி வந்து, "பிள்ளையப் பாத்தா பத்து வயசு மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி, ஆறாப்புக்கு அனுப்புங்களேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"சீட்டுல இருக்கதுதாம்வே வயசு. நீரு என்ன, பிள்ளையள எடை போட்டா பாடஞ் சொல்லுதீரு?" என்றார் பெரியப்பா.

கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா என் கையை வலிக்கப் பிடித்தாள். கணவனின் அண்ணன் முன்னால் அவள் வாய் திறந்ததே இல்லை.

வருஷம் ஒன்று போய், இரண்டும் போயிற்று, நான் ஆளாகவில்லை. உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாக ஊட்டினார்கள், பாபநாசத்தில் உலகம்மைக்கு நேர்ந்துகொண்டார்கள். அத்தை வரும்போதெல்லாம், "என்ன மைனி, களியெல்லாம் எங்க போவுது? இவளுக்கு முந்திப் பத்தாயம் ஆளாயிரும் போலுக்கே!" என்று சிரிப்பாள், பிறகு குரலைத் தாழ்த்தி, "குறை உள்ள பிள்ளையோ என்னமோ" என்பாள். அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். எனக்குள் ஏதோ குறை இருக்கிறது என்று நானும் நம்பினேன். மூன்றாம் வருஷம் ஒருவழியாக ஆளாகி, பிற்பாடு கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற பிறகும், நாலு பேர் கூடிய இடத்தில் தலை தானாகக் கவிழ்ந்துகொள்ளும்.

தொண்ணூறுகளில், மெட்ராஸில் பேங்க் வேலையில் இருந்த என் தம்பி மகன் குடும்ப வம்சாவளி எழுதப் போகிறேன் என்று லீவு போட்டு வந்து, அம்பாசமுத்திரத்தில் பழைய ஜனன மரணப் பதிவேடுகளைப் புரட்டிக் கொண்டிருந்தான். ஒருநாள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"அத்தே, ரிஜிஸ்தர்படி நீங்க ரெண்டு வயசுலயே செத்துப் போயிட்டிய."

அவன் எழுதி வந்ததில் உலகம்மாள் என்ற என் பெயரும் அப்பா பெயரும் இருந்தன. காய்ச்சலில் மரணம் என்றிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் அதே அப்பாவுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது, பெயர்க் கட்டம் காலி. நான் அந்தப் பெண். போன பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைத்தால் போனதே திரும்பி வந்ததாக எங்களில் எண்ணம், அதன்பின் மூத்ததைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது. பெரியப்பா எடுத்துக் கொடுத்தது என்னைவிட மூன்று வயது மூத்த அக்காளின் சீட்டு. மறந்துதான் கொடுத்தாரோ, தெரிந்தே விட்டுவிட்டாரோ, தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

"ஒங்களுக்கு அதுல பேரே இல்லியே அத்தே, என்னன்னு எழுத?" என்றான்.

அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "ரெண்டு உலகம்மாளையும் எழுதுலே. அவ வயச அவகிட்டயே குடுத்துரு."

எழுதினான். பாகப்பிரிவினையில் பத்தாயத்தைப் பலகை பலகையாகக் கழற்றி விற்றுவிட்டார்கள். அறைச் சுவரை இடித்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது. பெரியப்பா இல்லை, அத்தை இல்லை, எல்லாம் தெரிந்திருந்தும் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவும் இல்லை. குறை ஒன்றும் இல்லை, எனக்கு அப்போது பத்து வயதுதான் என்று இனி யாரிடம் போய்ச் சொல்ல?