குடிபூரலுக்கு வந்த பூனை

கனகேஸ்வரி அக்காவுக்கு மறதி நோய் வந்தாலும் ஆனந்தராஜாவை மறக்க மாட்டார். பெரிய மனதோடு மன்னிக்கிறவர்களின் கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

அக்கா மட்டக்களப்பில் பிறந்தவர். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். ஓய்வு பெற்றதும் பூனை மீட்புச் சங்கமொன்றில் தொண்டராகச் சேர்ந்தார். கைவிடப்பட்ட பூனைகளை வெஸ்ட்லியிலுள்ள தன் மாடி வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல குடும்பம் கிடைத்ததும் கொடுத்துவிடுவார். கார் ஓட்டத் தெரியாது. அந்த வேலை என்னுடையது.

போன மார்கழியில் கட்டடத்துச் சைக்கிள் அறைக்குள் ஒரு மஞ்சள் பூனையைக் கண்டெடுத்தார். காது நுனிகள் குளிரில் உறைந்து கறுத்திருந்தன. வைத்தியர் ஒரு காதில் பாதியை வெட்ட வேண்டியதாயிற்று. கழுத்துத் தோலுக்கடியிலிருந்த அடையாளச் சிப்பை வாசித்தபோது உரிமையாளரின் பெயர் வந்தது: ஆனந்தராஜா. அடுத்த கட்டடத்தில் எட்டு வருடம் இருந்தவர், கோயில் அன்னதானத்தில் வாளி தூக்குகிறவர். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிவிட்டு, மார்கழியில் புது வீட்டில் குடிபூரக் கூடாதென்று தம்பி வீட்டில் தங்கியிருந்தார்.

அக்கா அவருக்குப் போன் எடுத்தார்.

"புது வீட்டுக்குப் பூனை கொண்டு போகக் கூடாதெண்டு சாத்திரி சொன்னவர் அக்கா. நான் என்ன செய்ய?"

"எங்களிட்டைத் தந்திருக்கலாமே தம்பி? சரி, இப்பவாவது விட்டுத்தாறன் எண்டு கையெழுத்துப் போடும். வளக்க ஒரு குடும்பம் கேட்டு நிக்குது."

கையெழுத்துப் போட்டால் குளிரில் விட்டது தான்தான் என்றாகிவிடும், வழக்கு வரும் என்று அவருக்குப் பயம். "அது என்ரை பூனையே இல்லை" என்று போனை வைத்தவர் பிறகு எடுக்கவேயில்லை. சங்கத்தை நடத்தும் மேரின் என்பவர் கையை விரித்துவிட்டார். கையெழுத்து இல்லாமல் மாதக்கணக்கில் இழுக்குமாம். அந்தக் குடும்பமோ மாசிக்குப் பிறகு காத்திருக்காது. அரைக் காதுக் கிழட்டுப் பூனையை வேறு யார் கேட்பார்கள்?

"வயிறு பத்தி எரியுது. அவனைச் சும்மா விடமாட்டன்," என்றார் அக்கா.

தையில், கோயில் சனம் முழுவதற்கும் போன குடிபூரல் அழைப்பு அக்காவுக்கும் வந்தது. சுபநேரம் காலை 9.12 முதல் 9.48 வரை. அக்கா பட்டுச்சேலை உடுத்து, சால்வை போர்த்திய கூடையோடு என் காரில் ஏறினார். தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, எனக்கும் ஆசைதான்.

ஆனந்தராஜாவும் மனைவியும் நிறைகுடத்தோடும் சாமிப்படத்தோடும் வலது காலைத் தூக்கிய நேரம், அக்கா கூடையை வாசல்படியில் வைத்துத் திறந்தார். பூனை அவர்களுக்கு முன்னால் உள்ளே நடந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தினார்.

"ஆரின்ரை பூனை இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியாது. ஏதோ தெருப்பூனை," என்றார் ஆனந்தராஜா.

அந்தக் குரலைக் கேட்டதுதான் தாமதம், பூனை திரும்பி ஓடிவந்தது. அவருடைய வேட்டியில் முகத்தைத் தேய்த்தது, காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, கடைசியில் அவர் பாதத்தின் மேலேயே வயிற்றைக் காட்டி மல்லாந்து படுத்துக்கொண்டது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா கைப்பையிலிருந்து தாளை எடுத்தார். "ஒண்டில் இதிலை கையெழுத்துப் போடும், கொண்டு போறன். இல்லாட்டி அது தன்ரை வீட்டிலை இருக்கட்டும். நேரம் முடியப் போகுது தம்பி."

ஆனந்தராஜா வாசலிலிருந்த சப்பாத்துத் தட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அக்காவுக்கு அது போதவில்லை. திரும்பும் வழியெல்லாம் பூனை பின்கண்ணாடிப் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தது. "அழாதை ராசா," என்று கூடைக்குள் விரலை விட்டவர், வெஸ்ட்லி வரைக்கும் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பூனை இப்போது அந்தக் குடும்பத்தோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் அன்னதானத்தில் ஆனந்தராஜா சோற்று வாளியோடு வரும்போது, அக்கா தட்டை நீட்டியபடி, பக்கத்திலிருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வார்:

"பூனை சுகமா இருக்குத் தம்பி. வாசல்லை ஆம்பிளைக் குரல் கேட்டால் மட்டும், நீர்தான் வந்திட்டீரெண்டு இன்னும் ஓடிப்போய்ப் பாக்குதாம்."