வலைக்குப் பின்னால் நின்றவர்

1. என் மேஜைமேல் படம் அச்சிடும் துத்தநாக பிளாக் ஒன்று இருக்கிறது. கரையில் காயப்போட்ட வலை, அதன் பின்னால் நிற்கும் ஓர் ஆள். இந்தப் படம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.
2. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒருவர் குடியிருந்தார். நாங்கள் அவரை மாடி சார் என்போம்.
3. அவர் ஒரு வார இதழில், பெண் பெயரில் கதைகள் எழுதிவந்தார்.
4. கடைசியாக எழுதிய கதையில் வரும் ஆள் ஆணா, பெண்ணா என்று பத்திரிகையில் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை.
5. கதை அவரிடம் திரும்பி வந்தது. பெயர் திரும்பி வரவில்லை.
6. அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்.
7. போன மாதம் அவரைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வது சரிதானா என்று தெரியவில்லை.

எதையும் வரிசை போட்டு எழுதினால் தெளிந்துவிடும் என்பது அச்சுத்தொழில் படித்த நாளிலிருந்து என்னிடம் இருக்கும் பழக்கம். இதை எழுதிய பிறகும் ஏழாவது வரியில் வந்து நின்றுவிடுகிறேன்.

படிப்பு முடிந்ததும் மயிலாப்பூரில் அந்த வார இதழின் அச்சகத்திலேயே பிளாக் பிரிவில் வேலை கிடைத்தது. ஓவியர் வரைந்து கொடுக்கும் படத்தைப் பெரிய கேமராவில் பிடித்து, துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் அரித்து, மரக்கட்டையில் அறைந்து கொடுப்பது எங்கள் வேலை. பிளாக்கில் எல்லாம் இடம் வலம் மாறியே இருக்கும். மை தடவித் தாளில் ஒற்றினால்தான் நேராகும். சேர்ந்த சில நாட்களில், கையில் துணிப்பையோடு ஆசிரியர் அறையிலிருந்து இறங்கி வந்த மாடி சாரை மாடிப்படியில் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவர், காது இரண்டும் கொஞ்சம் விரிந்திருக்கும், இடது புருவத்தின் நடுவே ஒரு தழும்பு. என்னைக் கண்டதும் அந்தத் தழும்பு வரைக்கும் முகம் வெளுத்துப் போயிற்று.

"வீட்டுல சொல்லிடாதேம்மா," என்றார்.

"எதை சார்?" என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு. அன்று மாலையே கம்போசிங் பிரிவில், பெண் பெயர் போட்ட கதைத்தாளில் அவருடைய கையெழுத்தைப் பார்த்தபோது எதைச் சொல்லக் கூடாது என்பது விளங்கிவிட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது இன்னும் புழக்கத்தில் இருக்கும் பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு உரியவளை 'ரைட்டரம்மா' என்பார்கள். இதழ் வந்த அன்று அம்மாவும் பக்கத்துப் போர்ஷன் மாமியும் அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அரிசி களைந்துகொண்டே அவளை அலசுவார்கள். அவள் கதைகளில் மனிதர்கள் பாதி, மீதி மரமும் தண்ணீரும். வேப்பம்பூ உதிர்வதைப் பார்த்து ஒருத்தி தன் பிறந்த வீட்டை மன்னிப்பாள். நண்டு ஓடு மாற்றிக்கொள்வதைப் பார்த்த ஒரு கிழவர், தானும் ஒரு நாள் அப்படி இளகிக் கிடக்க ஆசைப்படுவார்.

"இவ வீட்டுக்காரரு தங்கமானவரா இருக்கணும் மாமி. இல்லேன்னா இவ்ளோ எழுத விடுவாரா?" என்பாள் அம்மா.

"ஆம்படையான் இருந்தா மரத்தைப் பார்க்க நேரம் ஏதுடி? எங்காத்துல ஜன்னலைத் திறந்து பார்க்கக்கூட முடியலே. இவ தனிக்கட்டைதான், எழுதி வச்சுக்கோ!"

"எதுவா இருந்தாலும் பொம்பளையாலதான் இப்படி எழுத முடியும்."

மாடி சார் வாளியோடு பம்படியில் நின்றிருப்பார். "குடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கறீங்களா?" என்று கேட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டு போவார். படியேறும்போது தெரியும் அந்த முகத்தை நான் ரசித்திருக்கிறேன். ஏமாற்றிவிட்ட குறும்பு அதில் கிடையாது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பது போன்ற நிறைவு இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகரில் அக்கா வீட்டுக்குப் போனவள், கடற்கரையோரமாக நடந்து அடையாற்றின் முகத்துவாரம் வரை போய்விட்டேன். மாடி சார் மணலில் உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் ஆறு மணலை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். கோடையில் அலைகள் மணலைக் குவித்து வழியை அடைத்துவிடும், ஆறு குளமாக நின்றுபோகும். அது மழை ஓய்ந்த மாதம், ஆற்றின் வாய் திறந்திருந்தது. கடல் ஏறி உள்ளே போவதும் ஆறு இறங்கி வெளியே வருவதும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்துகொண்டிருந்தது. கூடையோடு போன மீனவப் பெண் ஒருத்தி, "இன்னா சார், இன்னிக்கும் வன்ட்டியா? தண்ணிய எண்ணிக்கினு கீறியா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். அவரும் சிரித்தார்.

பெண் பெயர் வைத்துக்கொண்டதற்குக் காரணம் கேட்டேன். பெண்கள் படிப்பார்கள் என்றா?

"அதுக்காக இல்லம்மா. குமாஸ்தாவா உக்காந்தா எனக்குக் கோப்பு மட்டும்தான் தெரியுது. அந்தப் பேர்ல உக்காந்தாத்தான் மரம் தெரியுது, தண்ணி தெரியுது." கையில் ஒட்டிய மணலை உதறிவிட்டு, "சில நாள் எழுந்திருக்கும்போதே அவளா இருக்கேன். சில நாள் இல்லை. ரெண்டுமே பொய்யில்லை. இதை யார்கிட்ட போய்ச் சொல்றது? கதையில சொல்லலாம்னு பாக்கறேன்," என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவரும் கூடவே எழுந்து வந்தார். தி. நகரில் இறங்கும் வரை கருவேல மரங்களைப் பற்றிப் பேசினோம்.

அந்தக் கதையை அவர் எழுதிவிட்டார். முகத்துவாரத்துக் குப்பத்தில் வலை பின்னும் ஓர் ஆள். வாய் திறந்து கடல் உள்ளே வரும் மாதங்களில் அவள் பெண். மணல் அடைத்துத் தண்ணீர் நின்றுவிட்டால் அவன் ஆண். சாபம் கிடையாது, சாமி கிடையாது, வைத்தியம் கிடையாது. குப்பத்து ஜனங்கள் அன்றைக்கு எப்படியோ அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். கடைசியில் ஊரிலிருந்து ஓர் அதிகாரி வந்து, நீ யார் என்று கேட்கிறார். "நாளைக்கு வாங்க, தண்ணியப் பாத்துச் சொல்றேன்" என்று அந்த ஆள் வலையைப் பின்னிக்கொண்டே இருப்பதோடு கதை முடியும்.

எங்கள் இதழில் படமில்லாமல் கதை போடும் வழக்கம் இல்லை. படம் என்றால் முகம். ஓவியர் இரண்டு படம் வரைந்து, இரண்டுக்கும் பிளாக் எடுக்கச் சொன்னார். ஒன்று அவராக வரைந்தது: வலை, பின்னால் ஓர் உருவம், கண்ணிகளின் வழியே தெரிந்தும் தெரியாமலும். மற்றது உதவியாசிரியர் சொல்லி வரைந்தது: பெரிய மீசை வைத்த ஒருவன் சேலை கட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்றான். நாடகக் கம்பெனி நோட்டீசில் வருகிற மாதிரி. இரண்டையும் தாளில் ஒற்றி எடுத்த புரூஃபை எங்கள் பிரிவு மேஜையில் விரித்து வைத்திருந்தபோது உதவியாசிரியர், ஓவியர், மாடி சார் மூன்று பேரும் வந்தார்கள்.

"இது நான் எழுதின ஆள் இல்லை சார்," என்றார் மாடி சார், மீசைப் படத்தைப் பார்த்து.

"ஜனங்கள் சிரிப்பா ஓய். சிரிச்சுண்டே படிச்சுடுவா. வலையைப் போட்டா எவன் படிப்பான்?" என்றார் உதவியாசிரியர்.

"சிரிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்லையே."

"அப்படின்னா பொம்பளைன்னு எழுதிடும். இல்லே, பொம்பளை வேஷம் போட்ட திருடன்னு கடைசியிலே போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடும். ரெண்டிலே ஒண்ணு சொல்லும், எனக்கு ரெண்டும் சம்மதம்."

"ரெண்டும்தான் சார் எழுதியிருக்கேன்."

"எனக்கு அரை மீசை வரையத் தெரியாது. அதான் வலையைப் போட்டேன்," என்றார் ஓவியர். உதவியாசிரியர் மட்டும் சிரித்தார்.

மாடி சார் கதையைத் திருப்பிக் கேட்டார். சத்தம் போடவில்லை. அந்த அறையில் அமிலத்தொட்டியை ஆட்டும் ஓசைதான் பெரிதாகக் கேட்டது.

"தாராளமா எடுத்துண்டு போம். கதை உம்மோடது. பேர் பத்திரிகையோடது," என்றார் உதவியாசிரியர்.

"பேரா?"

"பின்னே? வாசகர்கள் அவளுக்குத்தானே லெட்டர் போடறா? உமக்கா போடறா?"

உதவியாசிரியர் கெட்டவர் இல்லை. அச்சகத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பவர். பத்திரிகை உலகத்தில் இது சாதாரணம் என்பதைச் சாதாரணமாகவே சொன்னார். மாடி சார் தாள்களைத் துணிப்பையில் வைத்தார். பையின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே உயிருள்ளது ஏதோ இருப்பது போல மார்போடு அணைத்துப் போனார். வலைப் படத்தின் புரூஃபை நான் மடித்து அவரிடம் கொடுத்தேன். தெருவிளக்குக் கம்பத்தடியில் நின்று அதை வெகுநேரம் பார்த்ததை ஜன்னலிலிருந்து கண்டேன். வேண்டாத பிளாக்குகளின் தகட்டைப் பிரித்து உருக்கப் போடுவார்கள். எங்கள் பிரிவுத் தலைவரிடம் கேட்டு வலைப் படத்தின் பிளாக்கை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன்.

சில வாரங்களில் ரைட்டரம்மாவின் புதுக் கதை வந்தது. உதவியாசிரியர் எழுதினார் என்பது அச்சகத்தில் எல்லோருக்கும் தெரியும். மாமியாரை எதிர்த்துப் பேசிய மருமகள் கடைசிப் பத்தியில் காலில் விழுந்தாள். அடுத்ததில் ஒருத்தி வேலையை விட்டாள். தண்ணீர் வரவில்லை, மரம் வரவில்லை. பம்படியில் அம்மா சொன்னாள்: "இப்பத்தான் மாமி இவ குடும்பப்பாங்கா எழுதறா. முன்னெல்லாம் மரம் மட்டைன்னு ஒண்ணும் புரியாது."

மாடி சார் அப்போது பம்புக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அடிக்கவில்லை. வாளியைப் பாதியோடு எடுத்துக்கொண்டு மேலே போனார். செத்துப்போனவர்களைத்தான் பேய் என்பார்கள். தான் உயிரோடு இருக்கும்போதே தன்னில் ஒரு பாதி வேறு யார் சொல்லோ கேட்டு வாராவாரம் வீட்டு வாசலில் வந்து விழுந்தால், பேய் யார் என்று அவர் யோசித்திருக்கக் கூடும். நான் யோசித்தேன். ஆனால் இதழ் வந்ததும் அவர் தவறாமல் இரவல் வாங்கிப் படித்தார். திருப்பித் தரும்போது ஒரு முறை, "அவ நல்லாத்தான் இருக்கா," என்றார். தழும்பு இருக்கும் புருவம் துடித்தது. அந்த வருஷக் கோடையில், மாற்றல் வந்திருக்கிறது என்று சொல்லிக் காலி செய்தார். எந்த ஊர் என்று அம்மா கேட்டதற்கு, "தெற்கே," என்றார்.

இப்போது கேமரா என் பொறுப்பில் இருக்கிறது. போன மாதம் சிறப்பிதழுக்காக எழுத்தாளர்களின் உருவப்படங்கள் வந்தன. ரைட்டரம்மாவுக்குப் புகைப்படம் இல்லையே, ஓவியரே ஒரு முகம் வரைந்துவிடட்டும் என்று முடிவாகியிருந்தது. படத்தை மாட்டி, விளக்குகளைப் போட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராவின் மங்கல் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். நடுத்தர வயதுப் பெண்மணி, குங்குமம், மூக்குக்கண்ணாடி, தோளை மூடிய புடவை. கூர்மை வரத் திருகியபோது, இடது புருவத்தின் நடுவே கோடு விட்டுப்போயிருப்பது தெரிந்தது. அதன் பிறகு காதுகளைப் பார்த்தேன். துணிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஓவியரிடம் போய், "யாரைப் பார்த்து வரைஞ்சீங்க?" என்று கேட்டேன்.

தூரிகையைக் கழுவிக்கொண்டே, "ரைட்டரம்மாவைப் பார்த்துத்தான்," என்றார்.

பிளாக் நன்றாக வந்தது. புருவத்தின் இடைவெளி அமிலத்தில் கெட்டுவிடாமல் பார்த்துக்கொண்டேன். இதழ் வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்ல களையான முகம். எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்குடி," என்றாள். வீட்டில் சொல்லாதே என்று ஒருவர் ஒருமுறை கேட்டுக்கொண்டது இன்னும் செல்லும் என்றே நினைக்கிறேன்.

இப்போதைய நிலை இதுதான். வலைப் படத்தின் பிளாக் என் மேஜைமேல் இருக்கிறது, இடம் வலம் மாறியபடியே. கதை அவரிடம் இருக்கிறது, அல்லது இல்லை. ரைட்டரம்மா அடுத்த வாரமும் எழுதுவாள். மாடி அறையில் வேறு குடித்தனம். அவர் முகவரி எங்களிடம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரம் வரை போனேன், மணல் அடைத்திருந்தது.