தியோங்கேயின் அட்டை

மூன்றாவது தடவையும் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, டாக்டர் கும்வெண்டா வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் பெஞ்சுகளில் இருமல்கூடக் கேட்காது. அவர் கையில் இருப்பது மாத்திரை வாங்க வராதவர்களின் அட்டைக்கட்டு. அதில் பாதிப் பேர் ஏரிக்கரை மேட்டில் புதைந்து கிடக்கிறார்கள். எச்.ஐ.வி. நோயில் செத்தார் என்று எங்கள் மலாவியில் எந்த வீட்டிலும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெயர் வேண்டாம், எண்ணைக் கூப்பிடுங்கள் என்று மேலிடத்துக் கடிதம் வந்தது. "எண்ணைக் கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பா? மண்ணள்ளிப் போட்டவங்க வந்து சொன்னாதான் பேரை அடிப்பேன்" என்றார் டாக்டர். இருபத்தாறு வருடமாக இந்த மாவட்டத்தின் எச்.ஐ.வி. சிகிச்சையே அந்த அம்மாள்தான். பேரை அடிக்கும் சிவப்புப் பேனாவை அங்கியிலேயே குத்தி வைத்திருப்பார்.

மருந்துச் சன்னலில் உட்காரும் நான் சோம்பேறி. சின்னத் துவாரம், கைகளைப் பார்ப்பேன், குனிந்து முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகஸ்டில் ஒரு திங்கள்கிழமை டாக்டர் ஓர் அட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினார். தியோங்கேயை ஏப்ரலிலேயே புதைத்துவிட்டதாகக் குழிவெட்டுபவர் முந்தின நாள்தான் சொன்னாராம். அட்டையிலோ மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் மாத்திரை வாங்கிய குறி. என் கையெழுத்து. எந்தக் கையில் கொடுத்தேன்?

டாக்டர் வாசலுக்குப் போய், "தியோங்கே" என்றார். மறுபடியும், "தியோங்கே."

"இருக்கேன்" என்றது பின்பெஞ்சு.

"தியோங்கேயோட அதே நெத்தி, அதே மஞ்சத் துணி" என்று யாரோ முனகினார். பக்கத்திலிருந்தவர்கள் பெஞ்சையே காலி செய்தார்கள்.

வந்திருந்தது தியோங்கேயின் தங்கை லுசுங்கு. சந்தையில் போட்ட பரிசோதனைக் கூடாரத்தில் ரத்தம் பார்த்தபோது அவளுக்கும் நோய் என்று தெரிந்திருக்கிறது. உள்ளறையில் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "என் பேர்ல அட்டை இருந்தா வீட்டுக்காரன் பிள்ளைங்களப் பிடுங்கிட்டு வெரட்டிடுவான், டாக்டரம்மா. செத்தவள எவன் வெரட்டுவான்?"

அட்டையை அடித்தால் மருந்து நிற்கும்; நின்றால் அடுத்த குழி அவளுக்கு. சொந்தப் பேரில் எழுதிக்கொள்ள எவ்வளவு சொல்லியும் அவள் அசையவில்லை. டாக்டர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

லுசுங்குவின் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணினார். செத்தவளின் அட்டையில் எழுபத்தெட்டு என்று சிவப்பில் எழுதி, உயிரோடிருப்பவர்களின் கட்டில் செருகினார்.