‘நார்மல்’ என்ற ஒரு வார்த்தையை நம்பினேன்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் கம்பெனி ஏற்பாட்டில், ஒரு ஸ்கேன் சென்டர் மூலம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை கேம்ப் நடந்தது. எனக்கும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தது.

சில மாதங்களில், குளிக்கும்போது இடது மார்பில் சின்னக் கட்டி தட்டுப்பட்டது.

“அதான் நார்மல்னு வந்துச்சே, ஏன் பயப்படறே?” என்றார் கணவர். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

கட்டி பெரிதான பிறகு பெங்களூருவில் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். புற்றுநோய் என்று உறுதியானது. அங்கிருந்த டாக்டரம்மா பழைய படத்தை வரவழைத்து, புதிய படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். “இது அப்பவே தெரியுதும்மா. பார்த்தவர் கவனிக்கலை.”

நேராக அந்த ஸ்கேன் சென்டருக்குப் போய், என் படத்தைப் பார்த்த டாக்டர் எங்கே என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண் தயங்கியபடி சொன்னாள்: “டாக்டர் இங்க வர்றதே இல்லீங்கக்கா. கேம்ப் படமெல்லாம் மொத்தமா அவருக்கு அனுப்பிடுவோம்.”

“இன்னொருத்தர் சரிபார்க்க மாட்டாங்களா?”

“இல்லீங்கக்கா.”

நோய் என்று கேட்டபோது அழாதவள், அந்த வாசலில் நின்று அழுதேன். ஒரே ஒருவர் மொத்தமாகப் பார்த்ததை ‘நார்மல்’ என்று கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

அறுவை சிகிச்சை முடிந்து, தேறி, வேலைக்குத் திரும்பிவிட்டேன். இப்போது எந்தப் பரிசோதனை என்றாலும் படத்தையும் கேட்டு வாங்கி, வேறொரு டாக்டரிடம் காட்டுகிறேன். இந்த வருடம் கேம்ப் அறிவித்தபோது, எல்லோர் முன்னிலும் எழுந்து மேனேஜரிடம் கேட்டேன்: “எங்க படத்தை எத்தனை டாக்டருங்க பார்ப்பாங்க சார்?”

அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்லும்வரை எங்களில் ஒருத்தியும் பெயர் கொடுக்கவில்லை.