மஞ்சள் சிவந்த வயல்

புஷ்பத்துக்குக் கேட்டுவிட்டுச் செய்யும் பழக்கம் கிடையாது. செய்துவிட்டுத்தான் கேட்பாள். சில சமயம் அதற்கும் மனம் வராது. பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்துநான்கு வருடம் கொழுந்து பறித்தாள். அந்த இருபத்துநான்கு வருடமும் கணக்கப்பிள்ளைமாருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். எல்லாம் ஒரே சண்டைதான். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து ஒரு பிடி குறைந்தாலும் அன்றைக்கு அரைப்பேர். காலையிலிருந்து அட்டைக்கடியிலும் மழையிலும் நின்றவள் அரை நாள்தான் வேலை செய்தாள் என்று பதிவு விழும். "பாதி உடம்போடயா மலைக்கு வந்தேன்?" என்று அவள் கேட்காத மாதமில்லை. 

ஆகவே கணவன் அழகமுத்து, எம்பிலிப்பிட்டியவில் கபூர் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு லொறியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனபோது, அவளும் மூட்டையைக் கட்டிவிட்டாள். அவர்கள் இருந்த லயத்து ஒற்றை அறைக் காம்பரா கொழுந்தனார் குடும்பத்துக்குப் போனது. இனித் திரும்பிப் போனால் யார் வீட்டு வாசலிலாவதுதான் நிற்க வேண்டும்.

கபூர் நானாவுக்கு வாப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் வயல் ஒன்று வாய்க்காலின் கடைக்கோடியில் கிடந்தது. ஊரில் அதைக் 'கிவுல் கும்புர' என்பார்கள், உவர் வயல் என்று அர்த்தம். ஐந்து வருடமாக யாரும் அதில் காலே வைக்கவில்லை. குணதாச என்ற செங்கல் சூளைக்காரர் மட்டும் அந்தக் களிமண்ணைத் தரச்சொல்லி நானாவை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் புஷ்பம் கேள்விப்பட்டாள். கேட்ட அன்றே நானாவின் கடைப்படியில் போய் நின்று, தனக்குத் தரச் சொன்னாள். நானா நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. இரண்டு போகம் தருவதாகச் சொன்னார். விளைந்தால் அவளே தொடர்ந்து செய்யலாம், விளைச்சலில் அவருக்கொரு பங்கு. விளையாவிட்டால் மண் சூளைக்குப் போகும். சூளைக்காரன் வெட்டிய இடத்தில் ஆள் உயரப் பள்ளத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது.

அந்த மண் கோடையில் ஒரு மாதிரி, மழையில் ஒரு மாதிரி. வெயிலில் கருங்கல்தான், மம்பட்டி பட்டால் தெறித்துத் திரும்பும். மேலே வெள்ளைப் பொருக்குப் பூத்திருக்கும், இடையிடையே எண்ணெய் சிந்தியதுபோலக் கறுப்புத் திட்டுகள். மழை பெய்தாலோ சவர்க்காரம் போல வழுக்கும். தண்ணீர் கீழேயும் இறங்காது, வெளியேயும் ஓடாது. பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கி நிற்கும், பத்து நாள் ஆனாலும் தெளியாது.

இப்படிச் சோர்ந்து கிடக்கும் மண்ணுக்கு என்ன மருந்து என்று தனக்குத் தெரியும் என்று புஷ்பம் நினைத்தாள். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய மலைக்கு டொலமைட் போடுவார்கள். தேயிலை மண் புளிப்பு மண், அந்தச் சுண்ணாம்புக்கல் மாவு புளிப்பைக் குறைக்கும். ஆனால் இந்தக் காரணத்தை மூட்டை சுமக்கிறவளிடம் யார் சொன்னார்கள்? முகத்தில் துணியைக் கட்டிக்கொள், விசிறு, அடுத்த வரிசைக்குப் போ என்றார்கள், அவ்வளவுதான். வெள்ளை மாவு விழுந்த மலை துளிர்த்ததை அவள் கண்ணால் பார்த்தவள்.

அந்தப் பகுதியின் விவசாயப் போதனாசிரியர் ரஹ்மா, ஸ்கூட்டியில் ஊர் ஊராகச் சுற்றும் சின்ன வயசுப் பெண். எதையும் போடுவதற்கு முன்னால் மண்ணைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்து காட்டச் சொன்னாள்.

"நான் டொலமைட் போட்ட மலையெல்லாம் பச்சைப் பசேல்னு நிக்குது மிஸ். இந்த ஒன்றரை ஏக்கரு எனக்குப் பெரிசா?" என்றாள் புஷ்பம்.

மண்ணைக் காட்டாமலே மூட்டை மூட்டையாக டொலமைட்டை விசிறி நெல் விதைத்தாள். பெரிசுதான் என்று முதல் போகமான சிறுபோகம் காட்டியது. விதைத்த மூன்றாம் கிழமை நாற்று மஞ்சளித்தது. பிறகு நுனி வெளுத்துத் துருப்புள்ளி விழுந்து, சீக்குக் கோழி போலத் தலையைத் தொங்கப்போட்டது. கடைசியில் தாழ்ந்த மூலையில் கோரைதான் செழித்து நின்றது. பக்கத்து வயல்காரர்கள் வரம்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். சிரித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழகமுத்து, தோட்டத்திலிருந்த தம்பியிடம் சொல்லித் தோட்டத்தில் திரும்பப் பெயர் பதியலாமா என்று மெல்லக் கேட்டான். அவள் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். உள்ளுக்குள் பயந்து போயிருந்தாள். திரும்பவும் ஒருவன் கையில் பேனாவைக் கொடுத்து, நான் முழு ஆளா அரை ஆளா என்று எழுதச் சொல்லி நிற்பதா? 

ஆவணியில் பெரும்போகத்துக்கு மண்ணைக் கொத்தத் தொடங்கினார்கள். போனமுறை சாமி கும்பிடாமல் தொடங்கியதுதான் பிழை என்பது அழகமுத்துவின் கட்சி. அதனால் வரம்பில் மஞ்சள் பிள்ளையார் பிடித்துவைத்து, அறுகம்புல் குத்தி, சூடம் கொளுத்திவிட்டு இறங்குவதென்று முடிவானது. மஞ்சள்தூள், வாழையிலை, சூடம், தீப்பெட்டி எல்லாம் கொண்டுவந்த புஷ்பம், தண்ணீர்ப் போத்தலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மூலைக் குழியில் ஊறி நின்ற தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு மஞ்சளைக் குழைத்தாள்.

மஞ்சள் அவள் கைக்குள்ளேயே சிவந்தது. முதலில் செங்காவி, பிறகு இரத்தம் கட்டியதுபோல ஒரு நிறம்.

அழகமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். "குத்தம் புள்ள. இந்த மண்ணுல ஏதோ குத்தம் இருக்கு" என்றான்.  புஷ்பம் சிவந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்த நிறத்தை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை பிள்ளை பிறந்த வீட்டுக்கு அவளே தட்டில் கரைத்திருக்கிறாள்! மஞ்சள் தண்ணீரில் ஒரு துளி சுண்ணாம்பு விட்டால் ஆலாத்தி சிவக்கும். சிவக்கவைப்பது சாமியில்லை, சுண்ணாம்பு.

"ஏங்க, இந்தத் தண்ணியில யாருங்க சுண்ணாம்பு கரைச்சது?"

அழகமுத்து ஒரு கணம் யோசித்தான். "நீதானே. மூட்டை மூட்டையா" என்றான்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்துபோய் வாய்க்கால் தண்ணீரை எடுத்துவந்து வேறு மஞ்சளைக் குழைத்தாள். அது மஞ்சளாகவே இருந்தது. அந்த உருண்டையில் பிள்ளையாரைப் பிடித்து வைத்துக் கும்பிட்டாள். சிவந்ததை, சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டில் சுற்றிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று ரஹ்மாவிடம் கிளம்பினாள்.

ரஹ்மா சிரிக்கவில்லை. உருண்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, வயலுக்கே வந்து மண்ணை எடுத்துச் சோதித்தாள். இது புளிப்பு மண்ணுக்கு நேர் எதிர், கார மண் என்றாள். தண்ணீர் வடிய வழியில்லாததால், வருடக்கணக்காக வெயில் தண்ணீரைமட்டும் குடித்துவிட்டு உப்பையும் காரத்தையும் மேலே விட்டுவிட்டுப் போகிறது. சோடியம் ஏறிய களி நனைந்தால் குழைந்து தன் துவாரங்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. வேர் மூச்சு முட்டிச் சாகிறது. புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டே, தான்தான் மண்ணைக் கொன்றுவிட்டேனா என்று கேட்டாள்.

"இல்ல அக்கா. ஒங்கட டொலமைட் இதுக்குள்ள கரையவே இல்ல, சும்மா கெடக்கு. நோய் வருத்தம் அதுக்கு முன்னமே இருந்தது. முதல்ல தண்ணி வடியக் கான் வெட்டுங்க, பொறகு ஜிப்சம், பொறகு நல்ல தண்ணி. கான் இல்லாட்டி மத்த ரெண்டும் வீண்."

கான் என்ற சொல் கேட்டதும் அழகமுத்து நிமிர்ந்தான். தோட்டத்தில் பதினெட்டு வருடம் அவன் செய்தது அந்த ஒரே வேலை. மழைநீர் மலையை அரித்துக்கொண்டு போகாமல் கான் வெட்டுவது. அதை ஒரு வேலையாகவே அவன் என்றைக்கும் மதித்ததில்லை, பிறத்தியார் மதித்ததுமில்லை. இப்போது கடை திறக்குமுன் காலையில் வந்து, நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்து வாட்டம் பார்த்து, வயலின் குறுக்கே மூன்று கான், ஓரத்தில் ஒரு பெரிய கான் என்று கயிறு கட்டினான். கல்லாய் இறுகிய அடித்தட்டைக் கம்பிப்பாரையால் பெயர்த்தான். கழிவு வாய்க்காலோடு பெரிய கானை அவன் சேர்த்த அன்று பக்கத்து வயல்காரர்கள் மறுபடி வரம்பில் வந்து நின்றார்கள். இந்த முறை கேள்வி கேட்டார்கள்.

ஜிப்சத்துக்கும் வழி பிறந்தது. கோப்பை பீங்கான் செய்யும் தொழிற்சாலை ஒன்று, தேய்ந்துபோன வெள்ளை அச்சுகளைப் பின்வளவில் மலையாகக் கொட்டிவைத்திருந்ததை அழகமுத்து லொறியில் போகும்போது பார்த்திருக்கிறான். அச்சு வார்க்கும் சாந்து ஜிப்சம்தான் என்று ரஹ்மா பார்த்துச் சொன்னாள். திரும்பி வரும் வெறும் லொறியில் ஏற்றிக்கொள்ள நானா மறுக்கவில்லை. புஷ்பம் அதை உலக்கையால் இடித்தாள். கோப்பைக் காது, தேநீர்க்கேத்தல் மூக்கு எல்லாம் மாவாகி வயலில் விழுந்தன. திரும்பவும் வெள்ளை மாவா என்று ஊர் கேட்டது. "இது வேற மாவு" என்று மட்டும் சொன்னாள், உலக்கையை நிறுத்தவில்லை.

ஐப்பசி மழை வந்தது. வாய்க்கால் தண்ணீரும் திறந்தார்கள். வயலை நிரப்பி, உழக்கி, சில நாள் நிறுத்தி, கானைத் திறந்து வடித்தாள். முதல் தடவை வடிந்தது கறுப்புக் கஷாயம். இரண்டாம் தடவை வெளுத்தது. மூன்றாம் தடவை வயலுக்குள் இறங்கி நின்றவள் குனிந்து பார்த்தாள். தண்ணீருக்குள் தன் கால்விரல்கள் தெரிந்தன. வெடித்த நகம், மெட்டி, எல்லாமே தெரிந்தன. அவள் சத்தமாக அழுதாள். சந்தோஷத்தில் அழுவதற்கு அவளுக்கு அதிகம் பழக்கமில்லை, அதனால் சற்றுப் பெரிதாகவே அழுதுவிட்டாள்.

மேல் ஏக்கரில், உப்பைத் தாங்கும் நெல்லென்று ரஹ்மா கொடுத்த விதையைப் போட்டாள். கீழ் மூலைத் தண்ணீரில் மஞ்சள் இன்னும் சிவந்தது. அதோடு மல்லுக்கட்டாமல் கோரைக்கே விட்டாள். பாய் பின்னும் சிங்களப் பெண்கள் வந்து கேட்டுப் பறித்தார்கள். நெல் ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கருகியது, மற்ற இடமெல்லாம் எழுந்து நின்றது. ஆனாலும் கதிர் முற்றும்வரை பொறுக்காமல், மாசி மாதத்தில் ஒரு காலையில் கபூர் நானா குணதாசவைக் கூட்டிக்கொண்டு வந்து வரம்பில் நின்றார். வாக்குக் கொடுத்த இரண்டு போகம் முடியப்போகிறது. குணதாச நல்ல விலை சொல்லியிருக்கிறார் என்பது நானா அவள் கண்ணைப் பார்க்காததிலிருந்தே தெரிந்தது. புஷ்பம் கதிர் பேசட்டும் என்று நின்றாள்.

குணதாச கதிரைப் பார்க்கவில்லை. அவர் மண் பார்க்க வந்தவர். ஓர் ஓரமாய்க் குனிந்து ஒரு கட்டி பெயர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் உருட்டினார். போன வருடம் இதே மண் அவர் கையில் கயிறாக நீண்டது. இப்போது பிட்டுமாவாக உதிர்ந்தது. மறுபடி பிசைந்தார், மறுபடி உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாக அச்சுத் துணுக்குகள். கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"மே பஸ ஹரியன்னே நே, முதலாளி."

இந்த மண் சரிவராது. அறுத்தால் கல் நிற்காது, சுட்டால் வெடிக்கும் என்றும் சொன்னார். நல்ல களியை இந்தப் பெண் கெடுத்துவிட்டாளே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். புஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவளை இப்படி யாரும் புகழ்ந்ததில்லை.

நானா கதிர்களின் மேல் கையை ஓடவிட்டார். பிறகு, "இனி இது சூளைக்கும் போகாது, வேறொருத்தன்ட கைக்கும் அடங்காது. வாய்க்கால் புத்தகத்தில என்ட பேர வெட்டிட்டு ஒங்கட பேரப் போடுங்கோ" என்றார்.

அறுவடை முடிந்த கிழமை அவள் விவசாயிகள் சங்கத்துக்குப் போனாள். நானாவின் கடிதத்தைப் படித்துவிட்டு, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பதியும் தண்ணீர்முறைப் புத்தகத்தில் செயலாளர் அவள் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். சிங்கள எழுத்து. பேசுகிற அளவுக்கு அவளுக்குப் படிக்க வராது. ராமையா புஷ்பம் என்று ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துக் கூட்டிப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து முணுமுணுத்தார்கள், அவள் அவசரப்படவில்லை. பெயர் முழுசாக இருந்தது.