பவுனு போட்ட சலாம்

என் பெண்டாட்டி கலையரசிக்கு வேப்பந்தட்டையில் ‘முதுகு டாக்டரம்மா’ என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் நான்தான். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன் வீட்டுக்கு வாழவந்தவள், சோறு ஆக்கினோமா, கொள்ளு ஊறவைத்தோமா என்று இருக்கக்கூடாதா? மாதம் பிறந்ததும் காலண்டரை எடுத்து அஷ்டமியைத் தேடுவாள். அஷ்டமியில் எவனும் கல்யாணம் வைக்கமாட்டான், சுற்றுவட்டாரத்துக் குதிரை நாலும் சும்மா நிற்கும், அன்றைக்கே நாலுக்கும் முதுகு பார்த்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். பெரம்பலூர் கால்நடை டாக்டர் சிவரஞ்சனிக்கு நாலு தடவை போன் போடுவாள். அரும்பாவூரில் குதிரை வைத்திருக்கிற ஆண்டவர் போனை எடுக்காவிட்டால் ஸ்கூட்டியில் கிளம்பி அவர் வாசலிலேயே போய் நிற்பாள்.

“நல்லாருக்குற குதிரைக்கு எதுக்கும்மா டாக்டரு? வலி வந்தா பாத்துக்கலாம்” என்பார் ஆண்டவர்.

“வலிக்குதுன்னு அது வாயத் தொறந்து சொல்லுமாண்ணே?” என்பாள் இவள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வந்ததில்லை. முதலில் எங்களிடம் ராசா என்று ஒரு குதிரை இருந்தது. சேணத்துக்கு அடியில் புண்ணாகி, உள்ளே சீழ் பிடித்து, நாங்கள் கவனிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவள் ஒரு சொட்டு விடவில்லை. அடுத்த அஷ்டமிக்கு டாக்டரை வரச்சொல்லிவிட்டாள்.

போன தை மாதத்து அஷ்டமியில் மட்டும், ராசாவுக்குப் பிறகு வாங்கிய எங்கள் குதிரை பவுனுக்குப் பார்க்க வேண்டாம் என்று கெஞ்சினேன். அதற்கு இரண்டாம் நாள், தசமியில், அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் அக்கா பொன்னுத்தாயின் மகன் அறிவரசனுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மூன்று வயதில் அவன் என் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தபோதே, “ஒங் கல்யாணத்துக்கு மாமன் குதிரையிலதாண்டா ஊர்வலம்” என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஊர்வலம் போக வேண்டிய ரோடு, அக்காவின் மாமனார் அந்தக் காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த ரோடு. அந்த ரோட்டில் அவள் மகன் குதிரைமேல் போவதைப் பார்க்கத்தான் அக்கா உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அதற்கென்றே கண்ணாடி பதித்த புதுச் சேணம் வாங்கி, பத்து நாளாகப் பவுனு முதுகில் மணல் மூட்டை ஏற்றிப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

கலை கேட்டால்தானே!

டாக்டர் இரண்டு கட்டைவிரலாலும் பவுனுவின் முதுகெலும்புக்கு ஓரமாக அமுக்கிக்கொண்டே வந்தார். நடுமுதுகு தாண்டியதும் பவுனு சட்டென்று முதுகைத் தாழ்த்தியது. எல்லாரும் சிரித்தோம். பவுனு ஆட்டக்குதிரை. அந்த இடத்தில் அமுக்கினால் முதுகை வளைத்து, வலது முன்னங்காலைத் தூக்கிச் சலாம் போட வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன்.

“பாத்தீங்களா டாக்டர், ஒங்களுக்கே சலாம் போடுது” என்றேன். டாக்டரும் சிரித்துவிட்டார்.

கலை சிரிக்கவில்லை. “காலு எங்கங்க தூக்குச்சு? காது ரெண்டும் பின்னால போயிடுச்சு பாருங்க. இது சலாம் இல்ல. இன்னொரு தரம் அமுக்குங்க டாக்டர்.”

இன்னொரு தரம் அமுக்கினார். பவுனு வாலைச் சுழற்றியடித்து விலகியது. புதுச் சேணத்தை முதுகில் வைக்கச் சொல்லி, அடியில் கையை நுழைத்துப் பார்த்தார். விரல்கூடப் போகவில்லை.

“சேணம் எலும்பு மேலயே உக்காருதுங்க. பதினஞ்சு நாளைக்கு முதுகுல எதையும் வைக்காதீங்க. ஆளை ஏத்துனா வலி தாங்காம தூக்கிப் போட்டுரும்.”

மற்ற மூன்று குதிரைக்கும் தசமியன்று வேறு வேறு ஊரில் முகூர்த்தம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. “ஏண்டி, எங்க அக்கா மவன் கல்யாணம்தான் ஒனக்குக் கெடச்சுதா?” என்று கத்தினேன்.

“வலிய நானா கொண்டாந்து வச்சேன்?” என்றாள்.

தசமி காலையில் வீம்புக்குப் பவுனுவை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். போர்வையை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் அதே சேணத்தை வைத்தேன். தாரை தப்பட்டை காதைப் பிளந்தது. கோட்டு சூட்டில் அறிவரசன் வந்து நின்றான். அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் சேணத்தின் வாரை இழுத்துக் கட்டினேன்.

கலை பக்கத்தில் வந்தாள். சத்தம் போடவில்லை. “ஏத்துங்க. நான் தடுக்கல. அதுக்கு முன்னாடி ஒங்க கையால ஒரு தரம் அமுக்கிப் பாத்துருங்க.”

அவள் வாயை அடைப்பதற்காகத்தான் சேணத்துக்குப் பின்னால் விரலை வைத்து அமுக்கினேன்.

பவுனுவின் முதுகு தாழ்ந்தது. காது இரண்டும் பின்னால் படிந்தது. ஆனால் விரல் என்னுடையது என்று அதற்குத் தெரியும். வலது காலைத் தூக்கிவிட்டது. தூக்கிய கால் வெடவெடவென்று நடுங்கியது. நான் விரலை எடுக்கிற வரைக்கும் அது காலைக் கீழே வைக்கவில்லை.

கூட்டம் கைதட்டி விசிலடித்தது.

ஐயோ, நான் என்ன ஜென்மம்! வாரை அவிழ்த்துச் சேணத்தைத் தரையில் போட்டேன்.

“என்னடா பண்ற?” என்று அக்கா ஓடிவந்தாள்.

“பவுனுக்கு முதுகு வலிக்குதுக்கா. இன்னிக்கு அது யாரையும் சொமக்காது. எல்லாம் என் தப்பு.”

“ஊரு முன்னாடி என் தலையக் குனிய வச்சுட்டியேடா பாவி!”

அறிவரசன் ஒரு நிமிடம் ரோட்டைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். மாலையும் கழுத்துமாக, வெறும் முதுகோடு வந்த பவுனுவைப் பிடித்தபடி அந்த ரோட்டின் நடுவில் நடந்தே போனான். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. தாம்பூலப் பையைக்கூடக் கலை கையில்தான் கொடுத்தாள்.

அடுத்த அஷ்டமிக்கு டாக்டருக்குப் போன் போட்டவன் நான். டாக்டர் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கலையின் போன் அடித்தது. அக்கா.

“குதிரைக்கு முதுகு எப்படி இருக்கு கலை?”

“ஆறிடுச்சு அண்ணி. இந்தாங்க, அவருகிட்ட பேசுங்க” என்று போனை என்னிடம் நீட்டினாள்.

“அக்கா...” என்றேன்.

வைத்துவிட்டாள்.